அஞ்சுக்கு அப்புறம் ஏழு

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாண்டரிக்காரியின் தம்பி அவள் கடை வாசலில் வந்து நின்றபோது அவள் கிளப் மூட்டையைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கால்பந்துக் காலுறைகளை எடுத்துப் பெரிய மெஷினுக்குள் எறிந்தாள். சில காலுறைகள் நிறுத்தி வைத்தால் தாமாகவே நிற்கும் போலிருந்தது.

"இருபது வருஷமா இதே நாத்தம்டா. நாத்தத்துக்கு ஏத்த மாதிரி ஆடறானுங்களான்னா அதுவும் இல்ல."

தம்பி சிரிக்கவில்லை. கிளப் செயலாளர் ஆனதிலிருந்தே அவனுக்குச் சிரிப்பு வற்றிப்போயிருந்தது.

வேலை போய் மூன்று மாதமாகிறது அவனுக்கு. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "கிளப் தலைவர்கிட்ட போய்க் கேளுடா. புது உள்ளரங்கத்துக்கு மேலாளர் தேடறாராம்" என்று அனுப்பி வைத்ததும் அவள்தான். போன வாரம் அம்மாவிடமிருந்து பழைய போட்டோ ஆல்பத்தை வாங்கிப் போனான். அத்தோடு அக்காவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

இப்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நிற்கிறான். கண் மட்டும் அவள் முகத்துக்கு வரவில்லை.

"இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுக்கா. மூணு மணிக்குள்ள வேணும். கண்ணாடிச் சட்டத்துல போடப் போறாங்க."

கவருக்குள் இருந்தது ஒரு சட்டை. வெள்ளையாகப் பிறந்து பழுப்பாக மாறியது. முதுகில் நீலத் துணியில் வெட்டித் தைத்த ஏழு. அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கும் கீழே கிடக்கிற சட்டை. ஆல்பம் வாங்கப் போன அன்றே இதையும் எடுத்து வந்திருக்கிறான்.

ஏழு என்றால் என்ன என்று அந்தக் கிளப்பில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிழைக்க வந்த இடத்தில், ஷிஃப்ட் முடிந்து பொழுது போகாத ஆறேழு பேர் ஒரு வாலிபால் வலையைக் கட்டி ஆரம்பித்தது அது. பிறகு கால்பந்து, பேட்மிண்டன், நெட்பால், டேபிள் டென்னிஸ், கேரம், செஸ் என்று வளர்ந்தது. வழக்கம் மட்டும் அன்றிலிருந்து ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு நம்பர். எந்த ஆட்டம் ஆடினாலும் அதே நம்பர். அவருக்குப் பிறகு அது அந்தக் குடும்பத்துக்கு. செஸ் ஆடுகிறவர்கூட முதுகில் நம்பரோடுதான் யோசிப்பார்.

ஆண்டு விழாவில் நம்பரை வரிசையாகக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அப்புறம் ஏழு. ஆறு கிடையாது. ஆறு ராசியில்லாத நம்பர் என்பார்கள் சிலர். ஆறாவது இடம் கடவுளுக்கு என்பார்கள் சிலர். புதிதாக வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

ஏழாம் நம்பர் வீடு இவர்களுடையது. அது அப்பாவின் நம்பர் என்றுதான் ஊர் நினைத்தது. அப்பாவோ ஸ்கோர் எழுதுகிறவர். சாகும்வரை ஒரு பந்தைத் தொட்டதில்லை. சட்டை அம்மாவுடையது. முதல் போட்டியில் ஆள் குறைந்ததால் தொப்பிக்குள் கொண்டையைச் செருகிக்கொண்டு ஆறாவது ஆளாக நின்றவள் அம்மா. யார் வராமல் போனது என்று கேட்டால் மட்டும், "யாரோ" என்பாள்.

"சுத்தம் பண்ணிடலாம்" என்றாள் லாண்டரிக்காரி. "ஒரேயடியா வெள்ளையாகாது. துணி கிழிஞ்சுடும்."

"வெள்ளையாக வேணாம். அந்த இடுப்புல ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சிருக்கு பாரு, அதை மட்டும் பிரிச்சுடு."

"எதுக்கு?"

"ஆம்பளைச் சட்டை மாதிரி இல்லையேக்கா."

 அவள் கையை நீட்டினாள். "அந்தப் புஸ்தகத்தைக் குடு."

அவன் அக்குளில் இடுக்கி வைத்திருந்த பொன்விழா மலரைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். வழவழவென்று கனமான தாள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் போட்டோ. வீட்டு நடையில் மாட்டியிருந்த அதே போட்டோ. 'கழகத்தை நிறுவிய அறுவர்' என்று கீழே எழுதியிருந்தது.

ஒன்று முதல் ஐந்துவரை சரியாக இருந்தார்கள். ஓரத்தில் நிற்கும் ஏழாம் நம்பருக்கு மட்டும் புதிதாக ஒரு தலை. அடர்ந்த மீசை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. தலைவருடைய செத்துப்போன அப்பா. தலைவரின் சூப்பர் மார்க்கெட் வாசலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் முகம்.

தலையை மாற்றியவர்கள் கையைப் பார்க்கவில்லை. மீசைக்காரர் இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைத் திறந்துவிட்டாள். அடுத்த நொடி வந்தது, இருபது வருஷக் காலுறை நாற்றத்தில் ஒரு நாளும் வராத குமட்டல்.

"அம்மா உடம்புல அந்தாளு தலையை ஒட்டியிருக்கீங்க."

"கம்ப்யூட்டர்ல பண்ணினதுக்கா. யாருக்கும் தெரியாது."

"நீ பாத்தியா இதை? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, ரெண்டு கண்ணாலயும் பாத்தியா?"

அவன் காலுறைக் குவியலைப் பார்த்தபடி சொன்னான். "உள்ளரங்கத்துக்கு அவங்க அப்பா பேரு வெக்கணும். நிறுவனர் பேரைத்தான் வெக்கலாம்னு நம்ம சட்டதிட்டத்துல இருக்கு. அதனால ஏழு இன்னையிலேர்ந்து தலைவர் வீட்டுக்கு. சாயங்காலம் விழாவுல கூப்பிடும்போது அவர்தான் எழுந்திருப்பார்."

"அப்ப நாம?"

"நமக்குப் புதுசா ஒண்ணு. இருநூத்திப் பதினாலு."

"ஆஹா. வாசல்ல செருப்பு விடற இடமும் காட்டுவாங்களா?"

"அக்கா, வேலை உத்தரவு அவர் பாக்கெட்ல இருக்கு. விழா முடிஞ்சாத்தான் கைக்கு வரும். பிள்ளைங்க படிக்குதுங்க. உனக்கென்ன, கடை இருக்கு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல."

"சொன்னியான்னு கேட்டேன்."

 வாசல்வரை போனவன் ஏதோ பெருமையான விஷயம் நினைவு வந்ததுபோலத் திரும்பினான். "அந்த முதல் போட்டியில எதிர் டீமுக்குக் கேப்டனா ஆடினவர் இன்னும் உயிரோட இருக்கார்க்கா. எண்பத்தெட்டு வயசு. அவரையே பிரதம விருந்தினரா கூட்டிட்டு வர்றோம். தலைவரோட யோசனை."

அவன் போன பிறகு அவள் சட்டையை மேசையில் விரித்தாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். எடுத்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம்பியின் பிள்ளைகள் முகம் கண்முன்னே வந்தது. இடுப்புத் தையலில் கத்தியை வைத்தும்விட்டாள்.

வெள்ளைச் சட்டையில் சிவப்பு நூல். கோணல்மாணலான கைத்தையல். அவசரத்தில் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. அம்மா இப்படித் தைக்கிறவள் இல்லை. அம்மா தைத்தால் எறும்பு வரிசை போல இருக்கும்.

கத்தியைக் கீழே வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். நனைந்தும் நனையாமலும் கிடந்த காலுறைகளை அப்படியே அள்ளி மூட்டையில் கட்டினாள். மீதி மூட்டைகளையும் இழுத்து வாசலில் வரிசையாக வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள். சாயங்காலக் காட்சி ஆட்டத்துக்கு வேண்டிய ஜெர்சிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. நாறட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அம்மா நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த முழங்கால்கள். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தலையை மாத்தினா மாத்திட்டுப் போறான்" என்றாள், மகள் மூச்சு வாங்கக் கொட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு. "என் மூஞ்சி எனக்குத் தெரியும். புஸ்தகத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? அவனுக்கு வேலை கிடைச்சா சரி."

"யாரு தலைன்னு பாத்தியா?"

"யாரு தலையா இருந்தா என்ன?"

லாண்டரிக்காரி மலரை அவள் மடியில் வைத்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நகவெட்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இவனா!"

அம்மாவின் உதடு கோணிக்கொண்டது. சோற்றில் கல்லைக் கடித்ததுபோல இருந்தது முகம்.

"ஏம்மா?"

"அன்னைக்கு வராம போனவன் இவன்தான்டி."

அம்மா அவசரப்படாமல் சொன்னாள். மைதானத்தை யாருக்குக் கொடுப்பது என்று நகர அலுவலகத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். புது அணி லீக்கில் தன் முதல் ஆட்டத்தை ஆடிக் காட்டினால்தான் மைதானம். ஆறு பேர் நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆடாமலேயே தோல்வி. மைதானமும் போய்விடும், கிளப்பும் போய்விடும்.

"ராத்திரி பகலா ஆறு சட்டை தைச்சேன். மிச்சத் துணியில உங்கப்பாவுக்கு ஒண்ணு, ஏழுன்னு போட்டு. ஸ்கோர் எழுதறவனுக்கு எதுக்கு நம்பர்னு அவர் போட்டுக்கல. ஆறாம் நம்பர் சட்டையை இவன் முந்தின நாளே வாங்கிட்டுப் போய்ட்டான். காலையில ஆளைக் காணோம். நான்தான் ஓடினேன் அவன் வீட்டுக்கு. கதவைத் திறந்து அவன் பொண்டாட்டி, 'அவருக்கு வயித்துப்போக்கு'ங்கறா. அவ தோளுக்குப் பின்னாடி இவன் உக்காந்து நல்லா தின்னுட்டு இருக்கான்."

"தின்னுட்டா?"

"ரெண்டு கன்னமும் உப்பி இருந்துது. எதிர் டீம் கேப்டன் இவனோட ஃபோர்மேன். அவனை எதிர்த்து ஆடினா ஓவர்டைம் தர மாட்டானோன்னு பயம். திரும்பி வந்து தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு அந்த ஏழாம் நம்பர் சட்டையைப் பிடிச்சுத் தைச்சேன். வெள்ளை நூல் தீந்து போச்சு. சிவப்புத்தான் இருந்துது. பத்து நிமிஷம். நின்னேன். ஜெயிச்சோம்."

"இத்தனை வருஷம் ஏம்மா வாயைத் திறக்கல?"

"அவன் பொண்டாட்டி தொழிற்சாலையில என் பக்கத்து மெஷின். கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. அவளுக்காகச் சொல்லல. அவளும் போய்ச் சேந்துட்டா." அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "ஜெயிச்ச மறுவாரம் முதல் தீர்மானம் போட்டாங்க, தெரியுமா? இனிமே பொம்பளைங்க மைதானத்துல இறங்கக் கூடாதுன்னு. பதினோரு வருஷம் இருந்துது அது. எழுதினது உங்கப்பா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

லாண்டரிக்காரிக்கு நாக்கில் கசந்தது. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். மனசுக்குள் திட்டினாள். தம்பியைத் திட்டினாள். அந்த மீசையைத் திட்டினாள். அம்பது வருஷம் அந்தக் கும்பலின் வியர்வையை முதலில் அம்மாவும் பிறகு தானுமாகத் துவைத்துப்போட்டோமே என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் அந்தக் கிளப்பின் கதை. அதைப் பொன் எழுத்தில் வேறு அச்சடித்திருக்கிறார்கள்.

பையிலிருந்து சட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "தையலைப் பிரிச்சுக் குடுன்னு கேட்டான்."

"என்ன?"

"இடுப்புத் தையலை. ஆம்பளைச் சட்டை மாதிரி தெரியணுமாம்."

அம்மா சட்டையை மடியில் விரித்தாள். சிவப்பு நூல் மீது கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே தடவினாள்.

"தலையை எடுத்தான், சரி. வயித்துப்பாடுன்னு நினைச்சேன். இதையும் பிரிக்கச் சொன்னானா? அதுவும் உங்கிட்ட? என் பொண்ணு கையாலயே?"

"ஆமா."

"நீ என்ன பண்ணினே?"

"கத்தியை வெச்சேன்மா" என்றாள் மகள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "பிரிக்கல."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள்.

"விழா எத்தனை மணிக்கு?"

புது உள்ளரங்கத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அதோடு சென்ட் வாசனையும் சேர்ந்து மூச்சை அடைத்தது. மேடையில் பட்டுத் துணி போர்த்திய பெயர்ப் பலகை. பக்கத்தில் காலியான கண்ணாடிச் சட்டம். நடுவில் தலைவர், கழுத்தில் இரண்டு சிவப்புச் சால்வையோடு. அவருக்கு வலப்பக்கம் சக்கர நாற்காலியில் பழைய ஃபோர்மேன். அவருக்கு நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. யார் கைதட்டினாலும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அக்கா, சட்டை எங்க? மூட்டை எல்லாம் வாசல்லயே கிடக்குதாம். பசங்க அப்படியே போட்டுக்கிட்டு நிக்கறாங்க, பக்கத்துல போக முடியல."

"சட்டை காயுது."

"காயுதா? இப்பவா?" அப்போதுதான் அம்மாவைப் பார்த்தான். ஐந்தாவது வரிசை ஓரத்தில், மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்தாள். "நீ எதுக்கும்மா வந்தே? முழங்கால் வலின்னியே."

"சும்மா. கிளப்பு சரித்திரம் கேக்கலாம்னு."

மேடையிலிருந்து தலைவர் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். அவன் ஓடினான். ஓடிய விதத்தைப் பார்க்கச் சகிக்காமல் லாண்டரிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை கேட்டுப் போ என்று சொன்னோமே தவிர வாலை ஆட்டு என்று சொன்னோமா?

தலைவர் பேசினார். தந்தையின் வீரம் பற்றிப் பேசினார். "அன்று எங்கள் அப்பா அந்த ஆறாவது ஆளாக நின்றிருக்காவிட்டால்" என்று தழுதழுத்துக் கைக்குட்டையை எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் சோறாவது வைப்பார்கள். இவர் வெறும் தட்டில் மறைத்தார். சபை உச்சுக்கொட்டியது. வளையலைக் கவனித்தவர்கள் நாலு பேராவது இருந்திருப்பார்கள். அவர்களும் சேர்ந்துதான் உச்சுக்கொட்டினார்கள். அதுதான் அவளுக்கு ரொம்பவும் அருவருப்பாக இருந்தது.

பிறகு வருகை அழைப்பு. செயலாளரான தம்பி மைக்கைப் பிடித்தான்.

"ஒண்ணு!"

"இருக்கோம்."

"ரெண்டு!"

"இருக்கோம்." மூன்று, நான்கு. ஐந்தாம் நம்பர் வீட்டில் ஒரு பட்டாளமே எழுந்து கத்தியது.

தம்பி கையிலிருந்த தாளைப் பார்த்தான். எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது.

"ஏழு."

தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தார்.

"இருக்கேன்."

குரல் ஐந்தாவது வரிசை ஓரத்திலிருந்து வந்தது. அம்மா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழுப்புச் சட்டை தோளில் கிடந்தது.

அரங்கம் முழுவதும் திரும்பியது. தலைவர் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றார். தம்பி அவரைப் பார்த்தான். அவர் சட்டைப் பையைப் பார்த்தான். பிறகு மைக்கில் சொன்னான்.

"அம்மா, உக்காருங்க."

வீட்டில் பிறந்ததிலிருந்து அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். மைக்கில் வந்த அந்த மரியாதை லாண்டரிக்காரியின் முதுகில் புழு ஊர்வதுபோல ஊர்ந்தது. இவனையா இடுப்பில் வைத்துச் சோறூட்டினோம் என்றிருந்தது.

"தயவுசெஞ்சு உக்காருங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

அம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை. முப்பது வருஷம் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிய தொண்டை.

"நான் உக்காந்தா நீங்க அஞ்சு பேர்தான்டா."

 அம்மா தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஏழு இங்க நிக்குது. நீங்க எழுந்திருக்கணும்னா உங்க நம்பர் ஆறு. அந்தச் சட்டையை நான்தான் தைச்சுக் குடுத்தேன், உங்கப்பா கையில. வீட்டுல தேடிப் பாருங்க. வியர்வையே படாம புதுசா இருக்கும்."

தலைவரின் முகம் சால்வையின் நிறத்துக்கு வந்தது. தம்பி அடுத்த நம்பரைக் கூப்பிடாமல் தாளை மடித்தான். 

சக்கர நாற்காலியிலிருந்த ஃபோர்மேன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் சொல்லவில்லை. மனிதர் தாமே மலரைப் புரட்டி மூன்றாம் பக்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். தன்னிடம் வேலை பார்த்த அந்த மீசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல் மெல்ல இறங்கி வளையலில் வந்து நின்றது.

தலையைத் தூக்கி, ஐந்தாவது வரிசையில் நின்றவளைப் பார்த்தார். தோளில் கிடந்த சட்டையைப் பார்த்தார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, மைக்குக்காகக் கையை நீட்டினார்.

தம்பி மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.